அந்தப் பத்து மார்க் நம் கையில்தான் இருக்கிறது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா தமிழ்வழிப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

எஸ்.எஸ்.எல்.சி. இயற்பியலுக்கு மொத்தம் 50 மார்க். எழுத்துத் தேர்வுக்கு 40, தொடர் மதிப்பீட்டுக்கு 10. அந்தப் பத்தை நாம் எப்படிப் போடுகிறோம் என்பது ஊரறிந்த ரகசியம். அக்காவின் பழைய புராஜெக்ட் நோட்டுக்குப் புது அட்டை போட்டு வந்தாலும் பத்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்து வந்தாலும் பத்து. குறைத்தால் ஹெச்.எம். அறையில் யார் பதில் சொல்வது?

எழுத்துத் தேர்வை எடுத்துவிடச் சொல்லவில்லை; அது திருவனந்தபுரத்தின் வேலை. இந்தப் பத்தையாவது ஒழுங்காகப் போடலாமே என்கிறேன்.

ஒரு குவிலென்ஸால் ஜன்னலின் பிம்பத்தைச் சுவரில் விழவையுங்கள். லென்ஸின் பாதியை அட்டையால் மறைத்தால் என்ன ஆகும்? மறைக்கும் முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித் தரட்டும். குவியத் தூரத்தின் வரையறையைத் தலைகீழாகச் சொல்லும் பிள்ளைகூட ‘பாதி ஜன்னல்தான் தெரியும்’ என்று எழுதும். பிறகு மூன்று மூன்று பேராக உட்கார்ந்து வாதாடட்டும், இரண்டாம் தாளில் மறுபடி எழுதட்டும். அதற்கப்புறம் மறைத்துக் காட்டுங்கள். ஜன்னல் முழுசாகவே இருக்கும், மங்கலாக. இரண்டு தாளுக்கும் மார்க் உண்டு, முதல் தாளுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரே பீரியடில் முடிந்துவிடும்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பவர்களுக்கு: மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 1972-இல் தொடங்கிய அறிவியல் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதினார்கள், செய்முறையும் செய்து காட்டினார்கள். 2002-இல் அரசு அதை நிறுத்தும்வரை அப்படித்தான் நடந்தது.

வாய்மொழித் தேர்வும் வைக்கலாம். அதற்கு நேரமில்லை என்பீர்கள். 40 பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம். 200 நிமிடம், அதாவது ஐந்து பீரியட். ஒரு டேர்முக்கு அது பெரிய விலையா? தோட்டத்து மோட்டாரில் காற்றடைத்துக்கொண்டால் ஏன் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். தாளில் நாலு வரி எழுதத் திணறுகிற பையன் பாதி மலையாளம் கலந்து விளக்குவான். அதற்கு மார்க் போடலாம், தாராளமாக.

வேண்டியவன், வேண்டாதவன் பார்ப்பார்கள் என்ற பயம் நியாயமானதுதான். அதனால் மார்க் போட கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் வேலந்தாவளத்துக்குப் போகட்டும், அங்கிருப்பவர் இங்கே வரட்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த கிளஸ்டர் கூட்டத்துக்கு ஆளுக்கொரு கேள்வி எழுதி எடுத்து வாருங்கள். கைடில் இருக்கும் கேள்வி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவர், கொழிஞ்சாம்பாறை