ஐயாயிரம் ஆண்டுக் கதை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீனர்களின் 'ஐயாயிரம் ஆண்டு ஆரோக்கிய ரகசியம்' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாய் சீ என்னும் மெதுவான அசைவுப் பயிற்சி, அக்குபங்சர் என்னும் ஊசி குத்தும் சிகிச்சை, மூலிகைப் பொடி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஏழே நாளில் மூட்டுவலி போய்விடும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். நான் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

முதலில் அந்த ஐயாயிரம். 1973இல் ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகரில், மவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே கிடைத்தவற்றில் பட்டுத்துணியில் வரைந்த ஒரு படமும் இருந்தது. ஆணும் பெண்ணுமாக 44 பேர் உடற்பயிற்சி செய்கிறார்கள். சில உருவங்களின் பக்கத்தில், எந்த உபாதைக்கு எந்த அசைவு என்ற குறிப்பும் உண்டு. அவற்றில் ஒன்று முழங்கால் வலிக்கு! அந்தக் காலத்திலும் முழங்கால்தான் படுத்தியிருக்கிறது. கையில் இப்படிப்பட்ட சான்று இருக்க, ஐயாயிரம் என்று ஊதுவானேன்?

தாய் சீயோ இதற்கெல்லாம் வெகு காலம் பிந்தியது. 17ஆம் நூற்றாண்டில், ஹெனான் மாகாணத்தின் சென் குடும்பத்துக் கிராமத்தில் சண்டைக் கலையாக உருவானது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. இன்று சீனப் பூங்காக்களில் காலை வேளையில் முதியவர்கள் செய்யும் 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவம் இன்னும் புதியது. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தொகுத்துக் கொடுத்தது. செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். ரகசியம் எதுவும் இல்லை. எல்லோரும் செய்யட்டும் என்றே சுருக்கினார்கள்.

அது ஏன் வேலை செய்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. நாம் நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தை வேகத்தாலேயே கடந்துவிடுகிறோம். தாய் சீயில் அந்த வேகம் கிடையாது. முழங்காலை லேசாக மடித்து, உடல் எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். தொடை, இடுப்பு, கணுக்கால் தசைகள் அந்த நேரம் முழுக்கப் பாரம் தாங்கியாக வேண்டும். வயதானவர்கள் திரும்பும்போதும் எட்டி எதையாவது எடுக்கும்போதும் எளிதில் தடுமாறுகிறார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி சொல்வது கடினம். அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய, விழும் அபாயம் உள்ள 670 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், வெறும் நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய் சீ செய்தவர்கள் விழுவது 58 சதவீதம் குறைந்திருந்தது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. வலி குறைவதில் தாய் சீயும் பிசியோதெரபியும் ஏறக்குறையச் சமம். மனச்சோர்வு குறைவதில் தாய் சீ ஒரு படி மேல். என் தொழிலுக்கு அது கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது.

ஆனால் முதல் ஆய்வில் பயிற்சி நடந்தது 24 வாரம், இரண்டாவதில் 12 வாரம். ஏழு நாள் அல்ல.

அக்குபங்சர் ஊசி விஷயம் வேறு. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து ஜெர்மனியில் நடத்திய பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. அக்குபங்சருக்கென்று வகுத்த புள்ளிகளை விட்டுவிட்டு, மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27.4 மட்டுமே. ஊசியால் பலருக்கு நிவாரணம் கிடைத்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன் என்றால், கட்டுரையில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்த ஊசி குத்தும் புள்ளிகளின் அந்த வரைபடத்தை நான் அவ்வளவாக நம்பமாட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது கடைசிப் பெட்டிச் செய்தியைப் பார்த்துத்தான். இணையத்தில் சீன மூலிகைப் பொடி வாங்கிச் சாப்பிடலாம், இயற்கையானது என்பதால் பக்கவிளைவு கிடையாது என்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருந்த வேறொன்று கலந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்ததோடு, சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவந்தது.

தாய் சீயைப் பற்றி இன்னும் விரிவாக, படங்களுடன் எழுதச் சொல்லுங்கள். வலி உள்ளவர்கள் முழங்காலை அதிகம் மடித்துத் தாழாமல் செய்ய வேண்டும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள நாற்காலி வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெட்டிச் செய்திக்கு மட்டும் அடுத்த இதழிலேயே, அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
திருச்சி.