கடை லீசுக்கு ஒரு வக்கீல் தேடுகிறோம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. உன் ஜூனியரை எங்கள் ஆபீசில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தாய். இப்போது தேடுகிற இடத்துக்கு அவன் சரிப்பட மாட்டான். திறமையில் குறை என்று நினைத்துவிடாதே, விஷயமே வேறு.

நீ லண்டன் பக்கம் ஹாரோ வந்தபோது பார்த்த அதே கடைத்தெரு ஆபீஸ்தான். வீடு வாங்குவது விற்பது, உயில், விவாகரத்து, இமிகிரேஷன் என்று ஓடிக்கொண்டிருந்த இடம். ஆனால் முன்பு எங்களிடம் வீடு வாங்கியவர்கள் இன்று மளிகைக் கடை, பார்மசி, டேக்அவே என்று நடத்துகிறார்கள், கடையை லீசுக்கு எடுக்கும்போதும் முதலில் எங்களிடம்தான் வருகிறார்கள், நாங்களோ வேறு ஆபீசுக்கு அனுப்பிவிடுகிறோம். அப்படிப் போகிற கட்சிக்காரர் அடுத்த வீட்டையும் அங்கேயே முடித்துக்கொள்கிறார். அதனால் வணிகச் சொத்துக்கென்றே ஒரு சொலிசிட்டரை (பத்திரம், ஆலோசனை வேலை பார்க்கும் இங்கிலாந்து வக்கீல்) எடுப்பதாக முடிவாகியிருக்கிறது.

வீட்டுப் பத்திரம் பார்ப்பவரே இதையும் பார்க்கட்டும் என்று ஒரு பார்ட்னர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கடை லீஸ் ஒரு குடும்பத்தின் பிழைப்பை வருடக்கணக்கில் கட்டிப்போடுகிற பத்திரம். இடையில் வாடகை எப்படி ஏறும், கூரை ஒழுகினால் யார் செலவு, காலி செய்யும்போது எந்த நிலையில் ஒப்படைப்பது, நடுவில் வேறொருவருக்குக் கைமாற்ற முடியுமா என்று ஒவ்வொன்றிலும் பணம் இருக்கிறது. போதாததற்கு, கட்டடம் எரிசக்தியை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று தரம் பிரிக்கும் எனர்ஜி சான்றிதழில் 'ஈ' தரத்துக்குக் கீழே உள்ள கடையை முறையான விலக்கு இல்லாமல் வாடகைக்கு விட்டு வைத்திருப்பதே 2023 ஏப்ரல் 1 முதல் சட்ட மீறல்.

இன்டர்வியூவில் நான் அதிகம் கேள்வி கேட்பதில்லை, ஒரு லீஸ் நகலைக் கையில் கொடுத்துவிடுகிறேன். இங்கே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, லீஸ் காலம் முடிந்தாலும் புதிய லீஸ் கேட்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. அது வேண்டாம் என்று எழுதி வாங்கலாம், ஆனால் கையெழுத்துக்கு முன்பே உரிமையாளர் எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்து, கடைக்காரர் அதற்கு உறுதிமொழி தந்திருக்க வேண்டும். நோட்டீசுக்கும் கையெழுத்துக்கும் இடையில் 14 நாள் இல்லையென்றால் சாதாரண உறுதிமொழி போதாது, வேறொரு சொலிசிட்டர் முன்னால் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். நான் கொடுக்கும் நகலில் உரிமையை விலக்கும் ஷரத்து இருக்கும், நோட்டீஸ் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பெரிய நிறுவனத்திலிருந்து வந்த ஒருவர் ஷரத்தின் வாசகங்களை அழகாகத் திருத்திக் கொடுத்தார், அதோடு சரி. சிறிய ஊர் ஆபீசிலிருந்து வந்த ஒரு பெண், அந்தப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, "நோட்டீஸ் எந்தத் தேதியில் போனது?" என்று கேட்டார்.

அவரைத்தான் எடுக்க வேண்டும் என்று நிற்கிறேன். இங்கே அவர் செய்வதைச் சரிபார்க்க மேலே ஆள் கிடையாது. முதல் கேள்வியிலிருந்து நிலப் பதிவகத்தில் பதிவாகிற வரைக்கும் ஃபைலைத் தனியாகத் தூக்கிச் செல்ல வேண்டும். அதை மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பார்ட்னர் ஆவதற்கு என்ன வழி என்று கேட்டார், நியாயமான கேள்வி. சம்பளத்தில் பெரிய நிறுவனங்களோடு எங்களால் போட்டி போட முடியாது, அப்படியிருக்க அந்த வழியையாவது எழுத்தில் கொடுக்க வேண்டாமா? பார்ட்னர்கள் இன்னும் இழுக்கிறார்கள்.

சரி, உன் ஜூனியர் விஷயம். இங்கே சொலிசிட்டர் ஆக 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற தகுதித் தேர்வு. முதல் கட்டத்தில் இரண்டு தாள், தாளுக்கு 180 கேள்வி, வெளிநாட்டு மையங்களிலும் எழுதலாம். அவன் ஏற்கெனவே வக்கீல் என்பதால் மற்றவர்களுக்கு உள்ள இரண்டு வருடப் பணி அனுபவ நிபந்தனை அவனுக்குக் கிடையாது. இப்போதே படிக்க ஆரம்பிக்கச் சொல். அந்தப் பெண் வந்து வேலை பெருகினால் அவருக்குக் கீழே ஓர் ஆள் கட்டாயம் தேவைப்படும், அந்த இடத்துக்கு அவனைப் பற்றி நானே பேசுகிறேன். எனக்கு நேராக எழுதச் சொல்.

அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்