மண்டபச் சுவரில் மாட்டியிருக்கும் மேயர்களின் படங்கள்

ஜெர்மனியின் நகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் நகர மண்டபச் சுவரில் மாட்டியிருக்கும் முன்னாள் மேயர்களின் படங்களுக்குக் கீழே, நாஜி ஆட்சிக் காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம். வட ஜெர்மனியின் சில்ட் தீவில் உள்ள வெஸ்டர்லாண்ட் நகர மண்டபத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, ஜெர்மனிலும் போலிஷிலும். 1951 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே மேயராக இருந்தவர் ஹைன்ஸ் ரைனஃபார்ட். 1944 ஆகஸ்டில் போலந்துத் தலைநகர் வார்சாவின் வோலா பகுதியில் இவர் தலைமையிலான எஸ்.எஸ். படைகள் (நாஜிக் கட்சியின் ஆயுதப் படைகள்) சில நாட்களுக்குள் பல பத்தாயிரம் பேரைக் கொன்றன. குழந்தைகளையும், மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த நோயாளிகளையும்கூட விடவில்லை.

இது ஒன்றும் ரகசியமாக இருக்கவில்லை. 1957-இல் கிழக்கு ஜெர்மனி இதை ஆவணத் திரைப்படமாகவே எடுத்துக் காட்டியது. அடுத்த ஆண்டே அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அவரை ஒப்படைக்கச் சொல்லிப் போலந்து கேட்டது, நடக்கவில்லை. விசாரணைகளும் பாதியில் நின்றன. 1979-இல் தண்டனை எதுவும் இல்லாமல் இறந்தார். பலகை வைத்தது 2014-இல். வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வோலாவில் தாயை இழந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதைப் பார்க்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

ரைனஃபார்ட் அளவுக்குப் பெயர் அடிபடாதவர்கள்தான் அதிகம். ஹெஸ்ஸன் மாநிலச் சட்டமன்றத்தின் முன்னாள் உறுப்பினர்களில் 75 பேர் நாஜிக் கட்சியில் இருந்தவர்கள் என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகளில் பெரும்பாலானவை தொலைந்து போகவில்லை. 1945-இல் நாஜிகள் அவற்றைக் கூழாக்கச் சொல்லி மூனிக் அருகே ஒரு காகித ஆலைக்கு லாரி லாரியாக அனுப்பினார்கள். ஆலைக்காரர் ஹான்ஸ் ஹூபர் உத்தரவை மீறி, கழிவுக் காகிதத்துக்கு அடியில் ஒளித்து வைத்தார். 1994 முதல் அவை உங்கள் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தனி ஒருவரைப் பற்றிய கோப்புகளுக்கு இறந்து 30 ஆண்டு என்றிருந்த காப்புக்காலத்தையும் (கோப்பைப் பிறர் பார்க்கக் காத்திருக்க வேண்டிய காலம்) 2017 சட்டம் 10 ஆண்டாகக் குறைத்துவிட்டது.

சரி, இனி என்ன தடை? "எங்கள் ஊருக்குச் சாலை போட்டார், பள்ளி கட்டினார், இப்போது எதற்கு இது?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சாலை போட்டது உண்மையென்றால் அதையும் எழுதுங்கள். கட்சியில் சேர்ந்த ஆண்டையும், போரில் எங்கே என்ன பொறுப்பில் இருந்தார் என்பதையும் அதே படத்துக்குக் கீழே, அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். வெளியூர்க்காரர் யாராவது வந்து தோண்டட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரலாற்றாசிரியர் ஒருவரை நீங்களே அமர்த்தி, வரும் பட்ஜெட்டில் அதற்குப் பணம் ஒதுக்குங்கள். அவர் கண்டுபிடிப்பதை, வோலா போன்ற ஊர்களின் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியிலேயே அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்