பானையோட்டு எழுத்துகளுக்கு ஆண்டுக்கொரு பொதுச் சொற்பொழிவு

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினருக்கும் பல்கலைக்கழகக் கல்வெட்டியல் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். ருஷ்ய மொழியறிஞர் அந்திரேய் சலிஸ்னியாக் (1935–2017) தம் ஊரில் செய்துவந்த ஒரு காரியத்தை இங்கும் தொடங்குங்கள் என்று கேட்கவே இம்மடல்.

வடமேற்கு ருஷ்யாவின் நோவ்கொரோத் நகரில் 1951 முதல் பிர்ச் மரப்பட்டைக் கடிதங்கள் மண்ணிலிருந்து கிடைத்துவருகின்றன. 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை ஊர்மக்கள் கீறிய கடன் கணக்கு, வழக்கு, குடும்பத் தகராறு. எழுத்து ஒரு மாதிரியாக இருந்ததால் அரைகுறைப் படிப்பாளிகளின் பிழை என்றே பலரும் நினைத்தார்கள். 1982இல் அகழாய்வுக் குழுவோடு சேர்ந்த சலிஸ்னியாக், அந்தப் பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டினார்.

11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 247ஆம் எண் பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் படித்தவர்கள் துறவியின் அறைப் பூட்டு, அறைக் கதவு என்று பொருள் கொண்டார்கள். இவரோ பூட்டும் பழுதில்லை, கதவும் பழுதில்லை என்று படித்தார். உடனே வழக்கே விளங்கிவிட்டது: 40 ரெசானா காசுக்காக ஒருவன்மேல் பழி, பூட்டு, கதவு எல்லாம் அப்படியே இருக்கின்றன, வீட்டுக்காரரே புகார் சொல்லவில்லை, ஆகவே பழி சொன்னவனுக்கு அபராதம் போடு. ருஷ்ய மொழிக்கு இனமான மற்ற ஸ்லாவிய மொழிகளில் திரிந்துபோன பழைய ககர ஒலி, ‘பழுதில்லை’ என்று அவர் படித்த சொல்லில் அப்படியே இருந்தது; இந்த வட்டாரத்தில் அது திரியாமல் நின்றதும் இதனால் தெரியவந்தது. ஸ்லாவிய மொழிகளின் வரலாற்றையே திருத்தி எழுதவைத்த சேதி அது.

ஒரு லட்சம் ருஷ்யச் சொற்களுக்கு வேற்றுமை, வினைவடிவங்களை வகுத்து 1977இல் அகராதி வெளியிட்டவர் அவர். (பின்னால் கணினிப் பிழைதிருத்திகளுக்கு அதுதான் அடிப்படை.) அவ்வளவு பெரியவர், ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அந்தக் கோடையில் கிடைத்த பட்டைகளை மாணவர், பொதுமக்கள் முன்னால் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். எங்கே சந்தேகம் என்பதையும் சொன்னார். பழைய வாசிப்புகளுக்கான திருத்தங்கள் பட்டைத் தொகுதிகளில் தனிப் பகுதியாகவே அச்சாகின.

கொடுமணலிலும் கீழடியிலும் எழுத்துப் பொறித்த ஓடுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. செய்தித்தாளில் படம் வருகிறது, பெருமிதம் வருகிறது. இந்த எழுத்தை ஏன் இப்படிப் படித்தீர்கள், வேறு எப்படிப் படிக்கலாம் என்பதுதான் எங்கள் காதுக்கு எட்டுவதில்லை. அந்த இடத்தைக் கற்பனைச் சொல்லாராய்ச்சி பிடித்துக்கொள்கிறது.

ஒவ்வோர் அகழாய்வுப் பருவம் முடிந்ததும் ஒரு மாலை, யாரும் வரலாம் என்று ஓர் அரங்கைத் திறந்துவிடுங்கள். ஓடுகளின் தெளிவான படங்களை ஒரு வாரம் முன்பே இணையத்தில் ஏற்றுங்கள். கேள்விக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். முந்தைய ஆண்டு வாசிப்பில் எது மாறியது என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்