ஐம்பது பெட்டி மண்

டப்ளின்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் முட்டுவலி எப்படி என்று போனில் கேட்டால் "கொள்ளாம்" என்று மட்டும் சொல்கிறாள். நீங்களாவது உள்ளதை எழுதுங்கள்.

இங்கே ஒன்பது நாளாக மழை. நம் குழித்துறை மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலுக்கு வழி விடுகிற மழை இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் முணுமுணுத்துக்கொண்டே நிற்கிற மழை. ஊரில் மழை என்றால் உங்களுக்குப் பால் வெட்டு கிடையாது, அன்றைக்கு முழுக்கத் திண்ணையும் புத்தகமும்தான். நீங்கள் டப்ளினில் பிறந்திருந்தால் ஒரு ரப்பர் மரத்தில்கூடக் கத்தி வைத்திருக்க மாட்டீர்கள், வருஷம் முழுக்க வாசிப்புதான்.

என்னென்ன படித்தாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். சொன்னால் முகம் சுளிப்பீர்கள் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. பேய்க் கதையும் துப்பறியும் கதையும் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் வாங்கி, பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டிய சாமான் என்பது உங்கள் கட்சி. நான் அந்தக் கட்சியிலிருந்து விலகிவிட்டேன் அப்பா. என்னை விலக வைத்தது டிராகுலா.

அதை எழுதிய பிராம் ஸ்டோக்கர் இந்த ஊர்க்காரர். 1847-இல் கிளாண்டார்ஃப் பகுதியில், மரினோ கிரசென்ட் என்ற வளைந்த தெருவில் பிறந்தவர். நான் வேலைக்குப் போகும் பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். சரி, நம்ம ஏரியா ஆள் என்று எடுத்தேன். 1897-இல் வந்த நாவல். டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு என்று துண்டு துண்டாகக் கதை நகர்கிறது. எல்லாரும் எழுதுகிறார்கள், டிராகுலா மட்டும் தன் கதையைச் சொல்வதே இல்லை. எனக்குப் பயம் வரவில்லை. கள்ளியங்காட்டு நீலி கதையைக் கேட்டுக்கொண்டே சோறு தின்ற பிள்ளைக்கு ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் கோரைப்பல் என்ன செய்யும்?

ஆனால் ஓர் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். லண்டனில் வீடு வாங்கும் காரியமாக ஒரு இளம் வக்கீல் டிராகுலாவின் கோட்டைக்குப் போகிறான். அங்கே பார்த்தால் டிராகுலாவின் அலமாரி முழுக்க இங்கிலீஷ் புத்தகம். இங்கிலாந்து ரயில் அட்டவணையைக்கூட உட்கார்ந்து படிக்கிறான். வக்கீலை ஒரு மாதம் தங்கச் சொல்கிறான். எதற்கு? பேச்சுப் பழக. என் ஊரில் நான் பெரியவன், அங்கே போனால் நான் யாரோ, வாயைத் திறந்ததும் அந்நியன் என்று தெரிந்துவிடக் கூடாது என்கிறான். அப்பா, நான் இங்கே வருவதற்காக ஓஇடி என்ற இங்கிலீஷ் பரீட்சைக்கு ஆறு மாதம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்புறம் அவன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவது என்ன தெரியுமா? 50 பெட்டி மண். சொந்த ஊர் மண்ணில் படுத்தால்தான் அவனுக்கு உறக்கம். எனக்கு விமானத்தில் 30 கிலோதான் கொடுத்தார்கள், அதிலும் பாதி அம்மாவின் மிளகாய்ப்பொடி. ரத்தம் குடிப்பதை விட்டுவிட்டால், வெளிநாட்டுக்கு வந்தவனைப் பற்றி இவ்வளவு சரியாக எழுதிய நாவலை நான் படித்ததில்லை. இதையா பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கச் சொல்கிறீர்கள்?

துப்பறியும் கதையில் மட்டும் உங்களுக்குப் பாதி வெற்றி. டானா ஃபிரெஞ்ச் எழுதிய 'இன் தி வுட்ஸ்', 2007-இல் வந்தது. 1984-இல் டப்ளினை ஒட்டிய ஒரு காட்டுக்குள் மூன்று பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள், ஒருவன்தான் கிடைக்கிறான். அவனுக்கும் நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. வளர்ந்து பெயரை மாற்றிக்கொண்டு துப்பறியும் போலீஸ் ஆகிறான். அதே இடத்தில் ஒரு சிறுமி கொலை, அந்த வழக்கு அவன் கைக்கு வருகிறது. நைட் டூட்டி முடிந்து வந்தும் உறங்காமல் மூன்று நாளில் முடித்தேன். புது வழக்குக்கு விடை கிடைக்கிறது. பழைய வழக்கு அப்படியே நிற்கிறது! அந்த இரண்டு பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்று எழுதியவர் சொல்லவே இல்லை. அறைத் தோழியிடம் சண்டைக்கே போனேன், புத்தகம் அவளுடையது. துப்பறியும் கதை படிப்பவன் கடைசிப் பக்கத்துக்காகத்தான் படிக்கிறான் என்பீர்களே, அது இங்கே பொய்த்துப் போயிற்று. கடைசிப் பக்கத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் அந்தக் காடு இன்னும் என்னை விடவில்லை. இருந்தாலும் கோபம் கோபம்தான்.

இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் தி சன்' (2021) ரோபோ கதை. நோயாளிப் பெண்ணுக்குத் துணையாக வாங்கிய பொம்மை மாதிரியான இயந்திரம்தான் கதை சொல்கிறது. வெயிலில் ஓடுகிற இயந்திரம் என்பதால் அதற்குச் சூரியன்தான் சாமி. அந்தப் பெண்ணைக் குணமாக்கச் சொல்லி அஸ்தமனச் சூரியனிடம் போய் வேண்டிக்கொள்கிறது. அறிவியல் புனைகதை என்று அட்டையில் போட்டுவிடுவார்கள், எனக்கு அது எங்கள் முதியோர் இல்லத்து வேலை மாதிரியே இருந்தது. பிறர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதும், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதும்தானே என் வேலையும்? நடுவில் கொஞ்சம் இழுவை.

சாலி ரூனியின் 'நார்மல் பீப்பிள்' காதல் கதை. பேச்சுக்கு மேற்கோள்குறியே கிடையாது, யார் பேசுகிறார்கள் என்று தேடுவதிலேயே பத்துப் பக்கம் போயிற்று. பையனின் அம்மா அந்தப் பெண்ணின் வீட்டில் துப்புரவு வேலை செய்பவள், ஆனாலும் பள்ளிக்கூடத்தில் இருவரும் தெரியாதவர்கள் மாதிரி நடக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய 'புத்தம் வீடு' உடனே ஞாபகம் வந்தது. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல், நம் பனைவிளைப் பேச்சில், வீட்டுக்குள் அடைபட்ட லிஸியையும் பனையேறி வீட்டுத் தங்கராஜையும் வைத்து எழுதியது இதைவிட எனக்கு நெருக்கம். ரூனியின் பிள்ளைகள் தங்களைப் பற்றியே ஓயாமல் யோசிக்கிறார்கள். லிஸிக்கு அதற்கு ஏது நேரம்?

இனி உங்கள் கட்சிக்காரப் புத்தகம். கிளேர் கீகன், 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்', 2021. நூற்றுச் சொச்சம் பக்கம்தான். 1985 கிறிஸ்துமஸ் சமயம், நியூ ராஸ் என்ற ஊர். ஃபர்லாங் என்பவர் நிலக்கரி, விறகு வியாபாரி, ஐந்து பெண் பிள்ளைகள். கன்னியாஸ்திரி மடத்துக்குக் கரி கொண்டுபோன இடத்தில், கரிக் கொட்டகைக்குள் ஒரு பெண்ணைப் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. ஊருக்கே தெரியும், ஊர் வாய் திறக்காது. பெண் பிள்ளைகள் படிக்க நல்ல பள்ளிக்கூடம் மடத்தின் கையில் இருக்கிறது, உனக்கு எதற்கு வம்பு என்கிறார்கள். கல்யாணம் ஆகாத ஒரு வேலைக்காரியின் மகனாகப் பிறந்து, அவளை வேலைக்கு வைத்திருந்த முதலாளியம்மா கைவிடாததால் ஆளானவர் ஃபர்லாங். அதனால் அவரால் எளிதாகத் திரும்பி நடக்க முடியவில்லை. கரி மூட்டை சுமக்கும் வேலையையும், கையில் ஏறிய கறுப்பையும் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தபோது, ஒட்டுப்பால் வாசனை போகாத உங்கள் கை ஞாபகம் வந்தது. ஒரு வரி கூடுதல் கிடையாது.

அது கற்பனைக் கொட்டகை அல்ல, அப்பா. மக்தலேன் லாண்டரி என்று இங்கே இருந்தன. வழி தவறியவர்கள் என்று பெண்களைச் சேர்த்து, கூலியில்லாமல் துணி வெளுக்க வைத்த இடங்கள். கடைசி ஒன்று இதே டப்ளினில் 1996-இல்தான் மூடினார்கள். 2013-இல் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி என் கையிலிருந்த கீகன் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் தெரியும்" என்றாள். பிறகு டீ கேட்டாள். அம்மாவிடம் கதையை முழுக்கச் சொல்ல வேண்டாம், மடத்துச் சிஸ்டர்கள் பேரில் அவளுக்கு உயிர்.

இவையெல்லாம் பெரும்பாலும் நூலகத்தில் எடுத்தவை. காசு கிடையாது. 2019 முதல் தாமதமானால் அபராதமும் கிடையாது. ஆனாலும் தவணைக்கு முந்தின நாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், உங்கள் மகள்தானே. கீகனை மட்டும் உங்களுக்காகக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஆடி அமாவாசை வாவுபலிக்கு ஊருக்கு வரும் களியக்காவிளைக்காரி ஒருத்தியிடம் கொடுத்தனுப்புவேன். அகராதி பக்கத்தில் இருக்கட்டும், வாக்கியங்கள் எளிமைதான்.

அம்மாவிடம் ஒரு காரியம் கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பாட்டிக்கு ராத்திரி உறக்கம் வராது, உன் ஊர்ப் பேய்க் கதை சொல்லு என்றாள். நீலி கதையை ஆரம்பித்தேன். நீலி வழியில் நின்று சுண்ணாம்பு கேட்கிற இடம் வரை வந்துவிட்டது, அதற்கப்புறம் அம்மா எப்படிச் சொல்வாள் என்பது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மீதியை நாளை சொல்கிறேன் என்று சமாளித்தேன். இன்றைக்கும் கேட்டாள். அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி சீக்கிரம் அனுப்புங்கள்.

அன்பு மகள்