விரலை மடக்கச் சொன்னால் போதாது, புள்ளியைக் கழியுங்கள்

அமெரிக்கக் குத்துச்சண்டை ஆணையங்களின் கூட்டமைப்பில் எம்எம்ஏ எனும் கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டையின் விதிகளை வகுக்கும் குழுவினருக்கும், மாநில விளையாட்டு ஆணையங்களுக்கும், கூண்டுக்குள் நிற்கும் நடுவர்களுக்கும், கூண்டோரம் அமரும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

ஹெவிவெயிட் (மிகை எடைப் பிரிவு) வீரர்களுக்குப் பயிற்சி தருபவர்களும் சண்டை இரவில் அவர்களுடைய மூலையில் நிற்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். முக்கியமாகக் கேட்பது இதுதான்: கண்ணில் விரல் பட்டால் முதல் தடவையே புள்ளியைக் கழியுங்கள்.

ஹெவிவெயிட் வீரர் ஸ்டிப்பே மியோசிச்சின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒஹையோ மாநிலத்துக்காரர். கல்லூரியில் மல்யுத்தம், பிறகு அமெச்சூர் குத்துச்சண்டை, அதன்பின் கூண்டு. எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் ஹெவிவெயிட் சாம்பியன் பட்டம் கையில் இருந்தபோதும் தீயணைப்பு வீரராகவும் அவசர மருத்துவ உதவியாளராகவும் வேலை பார்த்தவர். 2016 மே மாதம் பிரேசிலின் குரிச்சிபாவில் ஃபப்ரீசியோ வெர்டூமை முதல் சுற்றிலேயே வீழ்த்திப் பட்டம் வென்றார். ஓவரீம், டோஸ் சாண்டோஸ், எங்கானு என்று வரிசையாக மூவரிடமிருந்து அதைக் காத்தார். யுஎஃப்சி ஹெவிவெயிட்டில் அதற்கு முன் யாரும் தொடர்ந்து மூன்று முறை பட்டத்தைக் காத்ததில்லை. பிறகு டேனியல் கோர்மியேவுடன் மூன்று சண்டைகள். 2018 ஜூலையில் நடந்த முதல் சண்டையில் கோர்மியேவின் விரல் மியோசிச்சின் கண்ணில் பட்டு ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கி, அதே சுற்றில் மியோசிச் விழுந்தார். 2019 ஆகஸ்டில் நான்காம் சுற்றில் வயிற்றுக் குத்துகளால் சண்டையைத் திருப்பிப் பட்டத்தை மீட்டார். ஆனால் அன்றும் மியோசிச்சின் கண்ணில் விரல் பட்டிருந்தது, அறுவை சிகிச்சை வரை போனது. 2020 ஆகஸ்ட் 15 அன்று மூன்றாவது சண்டை. இம்முறை மூன்றாம் சுற்றில் மியோசிச்சின் விரல் கோர்மியேவின் இடக் கண்ணில் பட்டது. கருவிழிப் படலம் கிழிந்தது. மீதிச் சண்டையை ஒற்றைக் கண்ணோடு முடித்த கோர்மியே புள்ளித் தீர்ப்பில் தோற்றார். வயது 41. அதுவே அவருடைய கடைசிச் சண்டை.

மூன்று சண்டைகளிலும் கண்ணில் விரல் பட்டது. ஒன்றில்கூட ஒரு புள்ளி கழிக்கப்படவில்லை. இருவருமே வேண்டுமென்று செய்பவர்கள் அல்லர் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். விதி வீரனின் எண்ணத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வதும் அதனால்தான்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கையுறையிலிருந்து தொடங்க வேண்டும். வழக்கமான 4 அவுன்ஸ் கையுறையில், பிடிப்பதற்காக விரல் நுனிகள் வெளியே இருக்கும். கையின் மேற்புறத் திணிப்பு பெரும்பாலும் தட்டையாகத் தைக்கப்படுகிறது. முஷ்டியை மடக்கும்போதெல்லாம் அந்தத் திணிப்பை எதிர்த்து மடக்க வேண்டும். முன்கை சோர்ந்த பிறகு விரல்கள் தாமாகவே விரிந்துகொள்ளும். வளைத்துத் தைத்த கையுறையில் நிலைமை தலைகீழ். மடங்கியிருப்பதே இயல்பு, விரிக்கத்தான் முயற்சி வேண்டும். யுஎஃப்சி 2024 ஜூனில் புதிய கையுறையைக் கொண்டுவந்து, அதே ஆண்டு நவம்பரில் பழையதற்கே திரும்பியது. நிறுவனங்களின் விருப்பத்துக்கு இதை விட்டுவைக்க வேண்டாம். எந்த வளைவுள்ள கையுறைக்கு அனுமதி உண்டு என்பதை நீங்கள் வரையறுங்கள்.

அடுத்தது தூரம். மியோசிச் 193 செ.மீ. உயரம், கோர்மியே சுமார் 180. குட்டையானவர் தலையைத் தாழ்த்தி உள்ளே பாய்கிறார். நெட்டையானவர் பின்வாங்கிக்கொண்டே திறந்த கையை முகத்துக்கு நேரே நீட்டித் தடுக்கிறார். 110 கிலோ உடல் தானாகவே வந்து அந்த விரலில் மோதுகிறது. நீட்டியவர் குத்தவே வேண்டியதில்லை. எதிராளியின் முகத்தை நோக்கி விரல்களை நீட்டுவதே தவறு என்று 2017 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சொல்கிறது. நல்ல திருத்தம். ஆனால் கூண்டுக்குள் அது "விரலை மடக்கு" என்ற கூப்பாடாகவே நின்றுவிடுகிறது. ஒரே ஆளிடம் நான்கு முறை சொன்னாலும் ஐந்தாவதும் கூப்பாடுதான்.

நடுவர்களின் தயக்கம் புரிகிறது. மூன்று சுற்றுச் சண்டையில் 29-28 என்று வெல்பவருக்கு ஒரு புள்ளி போனால் 28-28, சமன். ஒரு கை அசைவுக்காக வெற்றியைப் பறிப்பதா என்று தோன்றும். ஆனால் எதிராளியிடமிருந்து ஏற்கெனவே ஒன்று பறிபோய்விட்டது. ஒரு கண் மங்கினால் தூரக் கணிப்பு போகும், அந்தப் பக்கத்திலிருந்து வரும் குத்து தெரியாது. எடை குறைந்த பிரிவுகளில் அப்படி வரும் குத்தைத் தாங்கி மீள வாய்ப்பு இருக்கிறது. ஹெவிவெயிட்டில் ஒரு குத்தே சண்டையை முடித்துவிடும்.

மருத்துவர்களே, உங்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். "பார்வை தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள். தெரியவில்லை என்றால் சண்டை அங்கேயே நிற்கும் என்பது வீரருக்குத் தெரியும், அதனால் தெரிகிறது என்பார். மூலையில் நாங்களே அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அது தவறு. நல்ல கண்ணை மூடிவிட்டு, அடிபட்ட கண்ணால் பார்வையின் நான்கு மூலைகளிலும் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். மேலே பார்க்கச் சொல்லி, இரண்டாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். அப்படித் தெரிந்தால் கண்குழியின் அடித்தள எலும்பு உடைந்திருக்கலாம். கண் பாப்பா வட்டமாக இருக்கிறதா, கருவிழிப் படலத்துக்கு உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா, பார்வையில் திரை விழுந்ததுபோல் நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் சண்டை முடிந்தது. கண்ணைத் தேய்க்கவோ துண்டால் அழுத்தவோ யாரையும் விடாதீர்கள். மூக்கைச் சிந்தவும் விடக் கூடாது. எலும்பு உடைந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து, கண் சட்டென்று வீங்கி மூடிக்கொள்ளும். இதையெல்லாம் பார்க்க நேரம் வேண்டும். கவட்டையில் பட்ட அடிக்கு ஐந்து நிமிடம் உண்டென்றால், கண்ணுக்கும் அது முழுமையாக, வீரர் கேட்காமலே கிடைக்க வேண்டும்.

2025 அக்டோபரில் அபுதாபியில் டாம் ஆஸ்பினால், சிரில் கான் மோதிய பட்டச் சண்டை முதல் சுற்றில் 4 நிமிடம் 35 விநாடியில் கண்குத்தால் நின்று, முடிவில்லாச் சண்டை என்று அறிவிக்கப்பட்டது. தவறிப் பட்டது என்று நடுவர் முடிவு செய்தால், சண்டை நிற்பதற்குக் காரணமானவருக்குப் பெரும்பாலும் இழப்பு ஏதும் இல்லை. தொடர முடியாதவரைக் கோழை என்று கூட்டம் கூவுகிறது. தொடக்கத்திலேயே, விரல் நீண்ட முதல் தடவையே எச்சரித்து, இரண்டாம் தடவை படாவிட்டாலும் புள்ளியைக் கழிக்கும் வழக்கம் இருந்தால், வீரர்கள் பயிற்சிக் கூடத்திலேயே கையை மாற்றிக்கொள்வார்கள். புள்ளி போகும் என்று தெரிந்தால் நாங்களும் அதைத்தான் முதலில் சொல்லித் தருவோம்.

ஆகவே இவற்றை விதியில் எழுதுங்கள். விரல் பட்டு ஆட்டம் நின்றால், எண்ணம் எதுவானாலும் ஒரு புள்ளி. அதனால் காயம் தெரிந்தால் இரண்டு. நடுவர் கண்ணில் படாமல் போனதை, சுற்றுகளுக்கு இடையிலான ஒரு நிமிடத்தில் காணொளியில் பார்த்துத் திருத்தும் அதிகாரம் வேண்டும். கோர்மியேவின் கடைசிச் சண்டையில் அந்த ஒரு நிமிடம் இருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை. கண்குத்து நடந்த ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும், ஒரு வாரத்துக்குள் சொட்டு மருந்திட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைச் சோதிக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை, ஏனென்றால் விழித்திரை கிழிந்திருந்தால் சில சமயம் அது தாமதமாகவே பிரியும். இரண்டு சான்றும் வராமல் அடுத்த உரிமம் கூடாது.

கோடையில் கூடும் உங்கள் ஆண்டு மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். கையுறைகளையும் சண்டைப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு எந்த ஊருக்கு வரச் சொன்னாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஹெவிவெயிட் பயிற்சியாளர்களும் மூலைக்குழுவினரும்