நடன ஆல்பத்தை நின்றுகொண்டு கேட்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாப் பாடகி மடோனாவின் 'கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்' ஆல்பம் வந்து இருபது வருடம் ஆனதையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பாட்டு வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே சரக்கில்லை, ஆட்டம் போட மட்டும்தான் லாயக்கு என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அதை ஏன் குறையாகச் சொல்கிறார் என்றுதான் விளங்கவில்லை. தலைப்பிலேயே டான்ஸ் ஃப்ளோர் என்று போட்டு வந்த ஆல்பம் அது. சாமி புறப்பாட்டில் தவில் வாசிப்பவரை நிறுத்தி, இதில் என்ன கருத்து சொல்கிறீர்கள் என்று நாம் கேட்பதில்லையே.

நான் கடலூரில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கல்லூரி ஆண்டு விழா என்று போவேன். சனி, ஞாயிறுகளில் புதுச்சேரிப் பக்கம் டிஜே வேலையும் வரும். இந்த ஆல்பத்தை நான் அறிந்தது சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னால் நின்றுதான்.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம் பெறாத விஷயத்தைச் சொல்கிறேன். இதில் உள்ள பன்னிரண்டு பாட்டுகளும் ஒன்றோடொன்று சேர்த்துக் கோக்கப்பட்டவை. முதல் பாட்டான 'ஹங் அப்' கடிகார டிக் டிக் சத்தத்தோடு தொடங்கும். அப்புறம் கடைசி வரை இடைவெளி கிடையாது. இது சாதாரண வேலை இல்லை. ஆடுகிற கூட்டத்துக்கு நடுவில் மூன்று நொடி மௌனம் விட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தண்ணீர் பாட்டில் தேடிப் போய்விடுவார்கள். அவர்களைத் திரும்ப இழுத்து வர இரண்டு பாட்டாவது ஆகும். அதனால் அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் முன்கூட்டியே ஓடவிட்டு, வேகத்தை ஒட்டவைத்து, பழைய பாட்டின் பேஸை (அதிரும் கனத்த ஒலியை) குறைத்துக்கொண்டே புதியதன் பேஸை ஏற்ற வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறி நின்றால் பேஸுக்கான சப் ஊஃபர் ஸ்பீக்கர் உறுமும், தாளம் கலங்கிவிடும். இந்த வேலையை ஆல்பத்துக்குள்ளேயே செய்து வைத்திருந்தார் தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் பிரைஸ். அதுவும் லண்டனில் தன் வீட்டு மாடியறையில் வைத்திருந்த ஸ்டுடியோவில்.

அந்தக் காலத்து விமர்சகர்களில் பலரும் ஆல்பத்தைப் பாராட்டினார்கள் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. 2003-இல் வந்த மடோனாவின் முந்தைய ஆல்பம் 'அமெரிக்கன் லைஃப்' நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அதில் கருத்துக்குப் பஞ்சமில்லை. போர், புகழ், பணம் எல்லாம் பேசினார். யாரும் ஆடவில்லை, பெரிதாகப் பாராட்டவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஆட வைக்கத் திரும்பி வந்தபோது கைதட்டினார்கள். 2007-இல் மின்னணு நடன இசை ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. 'ஹங் அப்' பாட்டின் முதுகெலும்பே ஸ்வீடனின் 'அப்பா' (ABBA) இசைக்குழு 1979-இல் போட்ட 'கிம்மி கிம்மி கிம்மி'யின் மெட்டுதான். தங்கள் இசையை வெட்டி ஒட்ட அவர்கள் லேசில் விடுபவர்கள் அல்ல. கடிதம் கொடுத்து ஆள் அனுப்பித்தான் மடோனா அனுமதி வாங்கினார்.

கேட்பவர்கள் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனிலும் பிரான்சிலும் முதலிடம் பிடித்த 'ஹங் அப்', அவருடைய சொந்த அமெரிக்காவில் ஏழாம் இடத்தோடு நின்றது. அங்கே ரேடியோவில் அப்போது ஹிப் ஹாப் ராஜ்யம். நம் பக்கத்தில்? ஆல்பம் வெளியான 2005 நவம்பரில், சுனாமி வந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. எங்கள் கடலோரத் தேவனாம்பட்டினத்தில் யார் ஆடுகிற மனநிலையில் இருந்தார்கள்? இந்த ஆல்பம் எங்களிடம் பின்னால் வந்து சேர்ந்ததுதான். இன்றைக்கும் ஜூலை மாதத்தில், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் புதுச்சேரிக் குடும்பங்களின் விருந்துகளில் அந்தக் கடிகாரச் சத்தம் கேட்டதுமே ஐம்பது வயதுப் பெண்மணிகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வருகிறார்கள். 'சாரி' பாட்டு பிரெஞ்சு மன்னிப்போடு தொடங்குவதால் அதற்குத் தனி ஆரவாரம். அதே பாட்டில் ஹிந்திக்கும் இடம் கொடுத்தவர் தமிழை விட்டுவிட்டார். போகட்டும், மன்னித்துவிடலாம்.

கட்டுரையாளரோடு எனக்கு உடன்பாடான இடமும் உண்டு. 'ஐ லவ் நியூயார்க்' வரிகள் சுத்த அசட்டுத்தனம். வந்த புதிதிலேயே அதைக் கிண்டலடித்தார்கள். ஆனால் என் குறை வேறு. 'ஃப்யூச்சர் லவ்வர்ஸ்' வரை ஏறும் வேகத்தில் ஆல்பத்தின் பின்பாதி நிற்பதில்லை. 'ஐசக்' நல்ல பாட்டு, ராத்திரி வண்டி ஓட்டும்போது நானே விரும்பிக் கேட்பேன். கூட்டத்தில் போட்டால் ஆட்கள் ஒதுங்கி நின்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வரிகளில் ஆழம் தேடியவருக்கு அந்தப் பின்பாதிதான் பிடித்திருக்க வேண்டும்; அதையும் அவர் கண்டுகொள்ளவில்லை.

ஒருவேளை செல்போனில், பாட்டுகளை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டு, நடுநடுவே விளம்பரத்தோடு கேட்டிருப்பாரோ என்று சந்தேகம். அப்படிக் கேட்டால் ஒட்டிய இடமெல்லாம் பிய்ந்துதான் தெரியும். செல்போன் ஸ்பீக்கரில் பேஸும் வராது. இந்த ஆல்பத்தில் பாதி வேலையைச் செய்வதே பேஸ்தான்.

எனவே ஒரு வேண்டுகோள். இனி நடன இசை ஆல்பத்துக்கு விமர்சனம் போடும்போது, அதை எந்த ஸ்பீக்கரில், எப்படிக் கேட்டார்கள் என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சினிமா விமர்சனம் எழுதுபவர் தியேட்டரில் பார்த்தாரா, டிவியில் பார்த்தாரா என்று தெரிந்தால் வாசகருக்கு உதவும் இல்லையா, அதுபோலத்தான்.

இப்படிக்கு,
சவுண்ட் சர்வீஸ் நடத்தும் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.